டிராக்டரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்

கேள்வி: என் பெரியப்பாவின் அம்பாசிடர் மார்க் 4, 1986ஆம் ஆண்டு வண்டி, பெட்ரோல் என்ஜின். மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் பழைய நெல் கொட்டகையில் 2013 தை மாதம் நிறுத்தியது. தார்ப்பாய் போட்டு மூடியதோடு சரி. பெரியப்பா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். வண்டியை நான் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிறேன். போன வாரம் புது பேட்டரி மாட்டிச் சாவியைத் திருப்பினோம். ‘டக்’ என்று ஒரே சத்தம், விளக்கு மங்கியது, என்ஜின் அசையவில்லை. உள்ளூர் மெக்கானிக், “என்ஜின் ஜாம் ஆகிவிட்டது, எடைக்குப் போடுங்கள்” என்கிறார். என் தம்பியோ, கியரில் போட்டு டிராக்டரில் கட்டி இழுத்தால் விட்டுவிடும் என்கிறான். ஞாயிற்றுக்கிழமை டிராக்டர் வருகிறது. நிறுத்தும்வரை வண்டி நன்றாகத்தான் ஓடியது. திருவாரூரிலிருந்து பெரியப்பாவே ஓட்டி வந்துதான் கொட்டகைக்குள் விட்டார். ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் வாரத்துக்கு ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் ரேடியேட்டருக்கு ஊற்றிக்கொண்டிருப்பார். இந்த என்ஜினைப் பிழைக்க வைக்க முடியுமா?

— ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

அம்மா, முதலில் டிராக்டர்காரருக்கு ஒரு போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம்.

உங்கள் தம்பியின் யோசனையை நான் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் இருபது வயதில் எனக்கும் அதே யோசனைதான் இருந்தது. நான் தொழில் பழகிய பட்டறைக்கு, நாலைந்து மழைக்காலம் வெளியில் நின்ற ஒரு ஃபியட் வந்தது. முதலாளி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, நானும் இன்னொரு பையனும் அதை ஒரு லாரியின் பின்னால் கட்டினோம். மூன்றாவது கியரில் கிளட்சை விட்டதும் பின் சக்கரம் இரண்டும் சுழலாமல் தரையில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டே பத்தடி வந்தன. பிறகு ஒரு சத்தம். தேங்காயைக் கல்லில் உடைக்கும் சத்தம்தான், ஆனால் இரும்பில். பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு ஒன்று ஒடிந்து, என்ஜினின் உடலான பிளாக்கின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. என் உள்ளங்கை நுழையும் அளவு ஓட்டை. பிரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, நான்கு பிஸ்டனில் மூன்று இறுகவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் பிடித்திருந்தது. பத்து நாள் எண்ணெயில் ஊறியிருந்தால் அதுவும் விட்டிருக்கும். அந்த பிளாக்குக்கு என் சம்பளத்தில் எத்தனை மாதம் பிடித்தார்கள் என்பது இப்போது வேண்டாம்.

டிராக்டர் இழுக்கும்போது நடப்பது இதுதான். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட வண்டி, அதன் மேல் டிராக்டரின் பலம், இரண்டும் ஒரே நொடியில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் வழியாக, இறுகிய அந்த ஒரு பிஸ்டனின் மேல் இறங்குகின்றன. துருவுக்கு அவகாசம் கொடுத்தால் விடும், அதிர்ச்சி கொடுத்தால் விடாது. அதற்கு முன் ராடுதான் வளையும். வளைந்த ராடு உடனே காட்டிக்கொடுக்கவும் செய்யாது. வண்டி கிளம்பிவிடும், எல்லோரும் கை தட்டுவார்கள், ஆயிரம் கிலோமீட்டர் கழித்து நடுரோட்டில் நிற்கும்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் அறிந்தோ அறியாமலோ எனக்குத் தேவையானவற்றை எல்லாம் எழுதிவிட்டீர்கள். அதில் நல்ல சேதி ஒன்று, கெட்ட சேதி ஒன்று.

வண்டி தன் காலால் ஓடி வந்து நின்றது என்பது நல்ல சேதி. என்ஜின் இறுகுவதில் இரண்டு ஜாதி உண்டு. ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் இல்லாமலோ சூடேறியோ பிடித்துக்கொள்வது ஒன்று. அதில் பிஸ்டனின் அலுமினியம் உருகிச் சிலிண்டர் சுவரில் அப்பியிருக்கும், அல்லது பேரிங் கிராங்கோடு ஒட்டியிருக்கும். அதை எந்த எண்ணெய் ஊற்றியும் விடுவிக்க முடியாது; முழுதாகப் பிரித்து லேத் பட்டறைக்குத்தான் அனுப்ப வேண்டும். சும்மா நின்று நின்று துருப்பிடித்து இறுகுவது இன்னொன்று. உங்களுடையது இது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கும் வார்ப்பிரும்பு, சிலிண்டர் சுவரும் வார்ப்பிரும்பு. இரண்டுக்கும் நடுவில் ஈரம் புகுந்து துரு பசைபோலப் பிடித்திருக்கிறது. உள்ளூர் மெக்கானிக் இரண்டையும் ஒன்றாக்கி எடைக்குப் போடச் சொல்கிறார். எடைக்கு வாங்கும் ஆளையும் அவரே கூட்டிக்கொண்டு வருகிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெட்ட சேதி அந்த ஒரு சொம்பு தண்ணீர். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். நான் அங்கேதான் பேனாவைக் கீழே வைத்தேன். ரேடியேட்டரோ ஹோஸ் குழாயோ ஒழுகியிருந்தால் வண்டி நிற்கும் தரையில் ஈரம் இருந்திருக்கும், பெரியப்பா அதைச் சரிசெய்திருப்பார். தரை காய்ந்தே இருந்ததென்றால், வாரம் ஒரு சொம்பு எங்கே போனது? பிளாக்குக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் வழியாகச் சிலிண்டருக்குள் போய், ஆவியாகிப் புகைக்குழாய் வழியாக வெளியேறியிருக்க வாய்ப்பு அதிகம். ஓடும் வண்டியில் அது தெரியாது. நிறுத்திய அன்று ரேடியேட்டரில் மிச்சம் இருந்த தண்ணீர் அதே வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிப் பிஸ்டன் தலையில் தேங்கி நின்றிருக்கும். ஆகவே என்ஜினை விடுவிப்பதோடு வேலை முடியாது. அசைந்தாலும் அசையாவிட்டாலும் ஹெட்டை ஒருமுறை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ஆனால் என்ஜின்தான் இறுகியிருக்கிறதா என்பதையே இன்னும் யாரும் சோதிக்கவில்லையே. ‘டக்’ என்ற சத்தமும் மங்கிய விளக்கும் சொல்வது, ஸ்டார்ட்டர் மோட்டார் கரண்டை இழுக்கிறது, ஆனால் சுற்ற முடியவில்லை என்பது மட்டும்தான். ஸ்டார்ட்டரின் பினியன் பற்சக்கரம், என்ஜினின் பெரிய சுழல்சக்கரமான ஃபிளைவீலின் பல்லில் மாட்டிக்கொண்டு நின்றாலும் இதே சத்தம்தான் வரும். சென்னை பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். செய்த பழைய ஸ்டார்ட்டர் மோட்டார்களில், பினியன் தானாகவே முன்னால் பாய்ந்து பல்லில் சேரும் வகைக்குப் பின்முனையில் ஒரு சின்ன மூடியும், மூடிக்குள் சதுரமாகச் சீவிய தண்டும் இருக்கும். ஸ்பேனரை அதில் மாட்டிச் சுற்றினால் சிக்கிய பினியன் கழன்றுவிடும். எதற்கும் பேட்டரியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரையே வெளியே எடுத்துவிடுங்கள், இரண்டு போல்ட்தான். ஃபேன் பெல்ட்டையும் கழற்றுங்கள். தண்ணீர் பம்ப் துருப்பிடித்து நின்றிருந்தால் அதன் பழியும் என்ஜின் மேல் விழ வேண்டாம். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். பிறகு முன்னால் கிராங்க் புல்லியின் நட்டில் ஸ்பேனரைப் போட்டு மெல்லத் திருப்பிப் பாருங்கள். அசைந்துவிட்டால் எனக்கு ஒரு வரி எழுதிவிட்டு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

அசையவில்லை என்றே வைத்துக்கொண்டு மேலே சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் என்ஜின், இங்கிலாந்தின் பி.எம்.சி. கம்பெனி வடிவமைத்த 1489 சி.சி. பி-சீரிஸ். மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் வழியாக வங்காளத்து உத்தர்பாராவுக்கு வந்தது. அம்பாசிடர் அங்கே 2014 வரை வெளிவந்தது. இந்த என்ஜினில் பிளாக்கும் வார்ப்பிரும்பு, ஹெட்டும் வார்ப்பிரும்பு. அலுமினிய ஹெட் என்றால் இத்தனை வருடத் தண்ணீருக்கு அரித்து ஓட்டையாகியிருக்கலாம். அந்தக் கவலை உங்களுக்கு இல்லை. டைமிங்கும் சங்கிலிதான், பெல்ட் இல்லை. கிராம்பு டப்பாவைப் போல எளிமையான என்ஜின். அவசரப்படாதவர் யாரும் இதைப் பழுது பார்க்கலாம்.

பிளக் நான்கையும் கழற்றுங்கள். கழற்றுவதற்கு முதல் நாள் அவற்றின் அடியில் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்துவிட்டு, சுற்றியிருக்கும் மண்ணை ஊதிச் சுத்தம் செய்துவிடுங்கள்; இல்லாவிட்டால் அந்த மண் முழுவதும் சிலிண்டருக்குள் விழும். ஒரு செய்தித்தாளை விரித்து, ரேடியேட்டர் பக்கத்திலிருந்து 1, 2, 3, 4 என்று எழுதி, பிளக்குகளை அந்தந்த எண்ணின் மேல் வையுங்கள். இங்கேயே பாதி உண்மை வெளியே வந்துவிடும். கரியோ எண்ணெயோ படிந்த பிளக், சிலிண்டர் நலம் என்கிறது. நுனியில் செங்கல் நிறத்தில் துரு பூத்த பிளக்தான் குற்றவாளியைக் காட்டிக்கொடுக்கிறது. போனில் மாட்டுகிற ஒயர் கேமரா இப்போது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கி உள்ளே விட்டுப் பாருங்கள். என் முதலாளிக்கு அது கிடைத்திருந்தால் அவர் வாழ்நாளில் பாதி ஹெட்டை இறக்கியிருக்க மாட்டார்.

கேஸ்கெட் நன்றாக இருந்தாலும் நிற்கும் வண்டியில் ஏதோ ஒரு சிலிண்டர் துருப்பிடிப்பதற்கு ஒரு காரணம் உண்டு. நான்கு சிலிண்டர் என்ஜின் எந்த நிலையில் நின்றாலும், ஒன்றில் இன்லெட் வால்வும் ஒன்றில் எக்ஸாஸ்ட் வால்வும் பெரும்பாலும் திறந்தே இருக்கும். அந்த இரண்டுக்கும் கார்புரேட்டர் வழியாகவும் சைலன்சர் வழியாகவும் வெளிக்காற்று போய்க்கொண்டே இருக்கிறது. டெல்டாவின் ஐப்பசி கார்த்திகைக் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வால்வு மூடியிருக்கும் மற்ற இரண்டு சிலிண்டர்களும் பல வருடம் கழித்தும் பளபளவென்று இருக்கும். ஆகவே நான்கையும் நினைத்துப் பயப்படாதீர்கள்.

அடுத்தது சம்ப், என்ஜினின் அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி. ஒரு தட்டை அடியில் வைத்து டிரெயின் போல்ட்டை மூன்று நான்கு புரி மட்டும் தளர்த்துங்கள், முழுதாகக் கழற்றாதீர்கள். எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது, எனவே அது அடியில் தங்கியிருக்கும். முதலில் கசிவது என்ன என்று பாருங்கள். கறுப்பு எண்ணெய் என்றால் நிம்மதி. கலங்கிய துருத் தண்ணீர் முதலில் வந்து, அது நின்றபிறகு எண்ணெய் வந்தால், எவ்வளவு தண்ணீர் வந்தது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கால் சொம்பு என்றால் ஒரு கதை. மூன்று சொம்பு என்றால் அடியில் கிராங்க் பேரிங்குகளும் பல வருடம் நீரில் கிடந்திருக்கின்றன என்று பொருள். அப்போது ஊறவைக்கிற வேலையை விட்டுவிட்டு நேராக என்ஜினை இறக்குங்கள். ரேடியேட்டரிலும் பிளாக்கிலும் மிச்சமிருக்கும் தண்ணீரையும் இப்போதே வடித்துவிடுங்கள்.

இனி ஊறவைப்பது. இதற்கு ஊருக்கு ஒரு கைமருந்து உண்டு. டீசல் ஊற்றுவார்கள், மண்ணெண்ணெய் ஊற்றுவார்கள், விளக்கெண்ணெய் ஊற்றிய ஒருவரையும் எனக்குத் தெரியும். டீசல் ஒன்றும் மோசமில்லை. ஆனால் நான் நம்புவது, ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றுகிற சிவப்பு டிரான்ஸ்மிஷன் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்தது. அசிட்டோன் எண்ணெயை நீர்க்கச் செய்து மயிரிழை இடுக்குக்குள் இழுத்துக்கொண்டு போகும். தான் ஆவியாகிவிடும், எண்ணெய் அங்கே தங்கிவிடும். இரண்டும் முழுதாகக் கலக்காது, நின்றால் பிரிந்துவிடும், ஆகையால் ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குலுக்கிவிட்டு ஊற்றுங்கள். கண்ணாடி பாட்டிலிலோ தகர டப்பாவிலோ வையுங்கள், சில பிளாஸ்டிக்கை அது கரைத்துவிடும். பெட்ரோலைப் போலவே எளிதில் பற்றிக்கொள்ளும் சரக்கு அது. கொட்டகைக் கதவைத் திறந்துவைத்து, பேட்டரியை வண்டிக்கு வெளியே எடுத்துவைத்து, பீடி பிடிப்பவர்களை வாசலோடு நிறுத்திவிட்டு வேலை செய்யுங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் பெயின்ட் போய்விடும்.

ஒரு சிலிண்டருக்கு 50 மில்லி போதும். உங்கள் என்ஜினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 73 மில்லிமீட்டர். 50 மில்லி ஊற்றினால் பிஸ்டன் தலையில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிற்கும். நீளமூக்கு எண்ணெய்க் குவளையால் சுற்றுச் சுவரிலும் படும்படி ஊற்றுங்கள். பிஸ்டன் பிறகு மேலே வர வேண்டிய பாதையிலும் துரு இருக்குமே. துரு இளக்கும் ஸ்ப்ரேயை ஹெட் நட் ஒவ்வொன்றின் அடியிலும் இப்போதே அடித்துவிடுங்கள், அவையும் ஊறட்டும். மறுநாள் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியின் மேல்முனையை உள்ளே விழாதபடி வளைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிளக் ஓட்டையிலும் விட்டு அளந்து பாருங்கள். எண்ணெய் காணாமல் போன சிலிண்டரில் ரிங் வழி விட்டிருக்கிறது. ஊற்றியது ஊற்றியபடியே நிற்கிற சிலிண்டர்தான் துருவில் அடைத்துக்கொண்டது. ஒரு விதிவிலக்கு உண்டு: திறந்த வால்வு வழியாக எண்ணெய், ஹெட்டோடு சேர்ந்த குழாயான மேனிஃபோல்டுக்குப் போய்விட்டால் காலியானதுபோல ஏமாற்றும். சைலன்சர் மூட்டில் சொட்டுகிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பத்து நாள். தினமும் சாயங்காலம் குறைந்ததை நிரப்புங்கள். இந்தப் பத்து நாளில் யாரும் எதையும் திருப்பிப் பார்க்கக் கூடாது. இதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. குறிப்பாக உங்கள் தம்பிக்கு.

காத்திருக்கும் நேரத்தில், வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்களின் மேலே உள்ள மூடியைக் கழற்றிவிட்டு ஒரு வேலையைச் செய்துவையுங்கள். நின்ற வண்டியில் வால்வுகளும், அவை ஏறி இறங்கும் கைடு துளையில் பிடித்திருக்கலாம். அதைக் கவனிக்காமல் கிராங்கைத் திருப்பினால், ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ் ராடு வளையும். எனவே எட்டு டாப்பெட் ஸ்குருவையும் நன்றாகத் தளர்த்தி, ராக்கரை ஸ்பிரிங்குக்கு எதிராகப் பக்கவாட்டில் நகர்த்தி, வருகிற புஷ் ராடுகளை எடுத்துவிடுங்கள். ஓர் அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசையாகக் குத்திவையுங்கள். வராதவை அங்கேயே தளர்ந்து நிற்கட்டும், பாதகமில்லை.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இந்த என்ஜினில் ராக்கர் தண்டைப் பிடித்திருக்கும் எட்டு நட்டுகளில் நான்கு, ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. ஹெட்டுக்கு மொத்தம் 11 நட். அந்த நான்கை மட்டும் கழற்றி ராக்கர் தண்டைத் தூக்கிவிட்டால், ஹெட் ஒருபக்கமாக இழுபட்டுக் கோணலாகும். தண்ணீர் இருந்தால் சிலிண்டருக்குள்ளும் போகும். ராக்கர் தண்டைத் தூக்குவதாக இருந்தால், தண்ணீரை வடித்துவிட்டு, 11 நட்டையும் கொஞ்சம் கொஞ்சமாக, நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுற்றிச் சுற்றித் தளர்த்த வேண்டும். அம்பாசிடர் பார்த்துப் பழகாத மெக்கானிக்குகள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் ஊர்க்காரரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலிலேயே வண்டியை ஒப்படைக்கலாமா என்று தெரிந்துவிடும்.

பதினோராம் நாள் கிராங்க் புல்லியின் விளிம்பிலும் அதற்கு நேராக டைமிங் மூடியிலும் சாக்பீஸால் ஒரே கோடு போடுங்கள். இரண்டடி நீளத்துக்கு மேல் போகாத கைப்பிடி, ஒரே ஆள், அவருடைய கைப்பலம் மட்டும். குழாய் செருகிக் கைப்பிடியை நீட்டக் கூடாது. முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரச் சுற்றில் ஒரு அழுத்தம் கொடுத்துப் பத்து எண்ணும்வரை பிடித்திருந்து விடுங்கள். பிறகு எதிர்ச்சுற்றில் மெல்ல. அந்தப் பக்கம் அதிகம் போனால் நட்டே கழன்றுவிடும். கண் சாக்பீஸ் கோட்டின் மேலேயே இருக்கட்டும். முதல் அசைவு நூல் பருமன்கூட இருக்காது, கோடு கொஞ்சம் உடைந்ததுபோலத் தெரியும், அவ்வளவுதான். அதைப் பார்த்த உற்சாகத்தில் ஒரே திருப்பாகத் திருப்பிவிடாதீர்கள். ஒரு நூல் முன்னால், ஒரு நூல் பின்னால், இன்னும் கொஞ்சம் எண்ணெய், அரை மணி நேரம் தேநீர். துருத் தூள் வெளியேற வழி வேண்டும். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் அதே தூள் ரிங்குக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டி ஆழமாகக் கீறும், ரிங்கும் ஒடியும்.

நட்டில் பிடிப்புச் சரியில்லை என்றால் ஸ்டார்ட்டர் கழற்றிய ஓட்டை வழியாக ஃபிளைவீல் பல்லில் நெம்புகோல் கொடுக்கலாம். அங்கே வட்டம் பெரிது, அதனால் சின்ன பலமே பெரிதாக வேலை செய்யும். பல் உடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அல்லது டாப் கியரில் போட்டு இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டலாம். முதல் கியரில் ஆட்டக் கூடாதா என்று தம்பி கேட்பார். முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற என்ஜின் பல சுற்றுச் சுற்றியாக வேண்டும், அதனால் கிராங்கில் சேரும் பலம் குறைவு. டாப் கியரில்தான் அதிகம். கைப்பலத்தால் ஆட்டுவதுதான், டிராக்டர் பேச்சு மறுபடியும் வேண்டாம்.

பிளக் ஓட்டையில் கிரீஸ் கன்னை மாட்டி அழுத்தினால் பிஸ்டன் தள்ளிக்கொண்டு இறங்கும் என்றும் யாராவது சொல்வார்கள். பழைய டிராக்டர், பம்ப் செட் என்ஜின்களில் செய்வதுதான், பொய்யில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: உங்கள் பிஸ்டன் தலையின் பரப்பு ஏறத்தாழ 42 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 100 கிலோ அழுத்தம் கொடுத்தாலே நான்கு டன்னுக்கு மேல் விழுகிறது. கிரீஸ் கன் அதைவிடவும் கொடுக்கும். கையில் பிடித்திருப்பவருக்கு அது தெரியவே தெரியாது, ‘சொத் சொத்’ என்று அமுக்கிக்கொண்டே இருப்பார். டிராக்டர் வாசல் வழியாக வராமல் பிளக் ஓட்டை வழியாக வந்த மாதிரிதான். சம்புக்கு அடியில் கரி மூட்டிச் சூடு காட்டுகிற வைத்தியமும் வேண்டாம்; அசிட்டோன் ஊற்றிய என்ஜின் அது.

இனி ஹெட். அசைந்திருந்தாலும் இறக்க வேண்டும் என்று முன்பே சொன்னேன். 11 நட்டையும் படிப்படியாகத் தளர்த்தி எடுத்தபிறகும் ஹெட் ஒட்டிக்கொண்டு நிற்கும். இடுக்கில் ஸ்குரு டிரைவரை நுழைக்காதீர்கள். மரச்சுத்தியலால் சுற்றிலும் தட்டித் தட்டித்தான் எடுக்க வேண்டும். வந்ததும் பழைய கேஸ்கெட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதில் எந்த இடத்தில் தண்ணீர் பாதைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் கறுத்து அரித்திருக்கிறது என்று பாருங்கள். வாரம் ஒரு சொம்பின் கணக்கு அங்கே இருக்கும்.

அப்போதும் அசையாவிட்டால், இறுகிய சிலிண்டரின் மேல்சுவரை எண்ணெய் தொட்ட மெல்லிய எமரித் தாளால் துருப் போகத் தேய்த்துவிட்டு, வேப்ப மரத்திலோ கருவேலத்திலோ 73 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உருளை கடைந்து, பிஸ்டன் தலையில் வைத்து மரச்சுத்தியலால் தட்டலாம். இரும்பு நேராகப் படவே கூடாது. பிஸ்டன் பாதி வழியில் நின்றால்தான் இது பயன்படும். உச்சியிலோ அடியிலோ நின்றால் ராடும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். எவ்வளவு தட்டினாலும் அடி பேரிங்குக்குத்தான். நல்ல வேளையாக, அணைத்த என்ஜின் பெரும்பாலும் பாதி வழியில்தான் நிற்கும். தட்டியும் வரவில்லையா, சம்பைக் கழற்றி அந்த ஒரு ராடின் மூடியை மட்டும் பிரித்துவிடுங்கள். கிராங்க் விடுதலையாகிவிடும், பிஸ்டனைத் தனியாகக் கவனிக்கலாம். அது மேல்பக்கமாகத்தான் வெளியே வரும். மூடியும் ராடும் ஜோடி, மற்றதோடு மாறிவிடக் கூடாது.

பிஸ்டன் வெளியே வந்ததும் சுவரில் துரு நின்ற இடத்தில் விரல் நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். கறை தெரிந்து நகம் வழுக்கினால் ஹோனிங் (சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்குவது) செய்து புது ரிங் போட்டால் போதும். நகம் பள்ளத்தில் தட்டினால் போரிங் (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது) செய்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். அதிலும் நிற்காத ஆழம் என்றால் சிலிண்டருக்குள் புது உறை, அதாவது ஸ்லீவ், இறக்க வேண்டும். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும் புதுப்பேட்டையிலும் அம்பாசிடர் சாமான்களைத் தேடலாம். வாங்கும் முன் நான்கு போரையும் லேத் பட்டறையில் அளந்து எழுதிக்கொண்டு போங்கள்; பெரியப்பா காலத்தில் ஒருமுறை போரிங் ஆகியிருக்கலாம்.

மறுபடி பூட்டியபின் பழைய எண்ணெயை ஒரு சொட்டுக்கூட விடாமல் மாற்றுங்கள். அதில் ஊற்றிய மருந்தெல்லாம் கலந்திருக்கிறது. பிளக் போடாமலே ஸ்டார்ட்டரைச் சுற்றி எண்ணெய் அழுத்தம் வந்ததைப் பார்த்தபிறகுதான் பிளக். டேங்கில் இருக்கும் 2013ஆம் ஆண்டுப் பெட்ரோல் இப்போது வார்னிஷ். டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஒரு சொட்டும் கார்புரேட்டருக்கு வரக் கூடாது. பிரேக் வேலையை என்ஜினுக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஓடாத வண்டியால் யாருக்கும் ஆபத்தில்லை, நிற்காத வண்டியால்தான்.

இன்னொன்று, பணம் இறக்குவதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுங்கள். 15 வருடத்துக்குப் பிறகு புதுப்பித்தார்களா, பெரியப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாற்ற வாரிசுகளின் ஒப்புதல் இருக்கிறதா என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பத்து நாள் ஊறும் நேரத்தில் அதைச் செய்துவிடலாம்.

பிளக் நான்கையும் வைத்த அந்தச் செய்தித்தாளைப் படம் எடுத்து அனுப்புங்கள். என் கணிப்பு, துரு இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இருக்கும். அவை இரண்டின் எக்ஸாஸ்ட் வால்வுகளும் அடுத்தடுத்து அமைந்து ஒரே வாய் வழியாகப் புகை விடுபவை. ஹெட்டிலேயே அதிகம் சூடாகும் இடம் அது, கேஸ்கெட் முதலில் சோர்ந்துபோவதும் அங்கேதான். ஒன்றாவதோ நான்காவதோ என்று வந்தால் எழுதுங்கள், அந்தச் சொம்புத் தண்ணீரைப் பற்றி நான் மறுபடி யோசிக்க வேண்டியிருக்கும்.